கறுப்பு என்றால் தண்ணீர்

மேட்டூரில் மதகு திறக்கும்போது பூத் தூவுகிறார்கள். எல்லா சேனலும் அதைக் காட்டும். தண்ணீர் கிளம்பும் இடத்தில் கேமரா உண்டு. போய்ச் சேரும் இடத்தில் கிடையாது. எங்கள் ஊர் சவரிக்கோட்டகம் போய்ச் சேரும் இடம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காற்றில் உப்பு தெரிய ஆரம்பிக்கும் தூரத்தில் இருக்கிறது. எங்களைத் தாண்டினால் அலையாத்திக் காடு, அதைத் தாண்டினால் கடல்.

காலையில் எழுந்ததும் நான் பார்ப்பவை அணையின் நீர்மட்டம், அரசியல் செய்தி, நான் பயன்படுத்தும் மென்பொருள்களில் நேற்று யார் எதை மாற்றினார்கள் என்ற விவரம். கடைசியில் சொன்னதற்காகத்தான் மற்ற இரண்டையும் பொறுத்துக்கொள்கிறேன். செய்தியில் எல்லாரும் "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்கிறார்கள். மென்பொருள் எழுதுகிறவன், "இந்த வரியில் தப்பு செய்திருந்தேன், திருத்திவிட்டேன்" என்று தன் பெயரைப் போட்டு எழுதுகிறான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அப்படி ஒரு வாக்கியத்தை நான் எந்தச் செய்தியிலும் பார்த்ததில்லை.

சென்னையில் கொஞ்ச காலம் இரவுப் பணி பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கணினிகள் தூங்கிவிடாமல் இருக்கின்றனவா என்று நாங்கள் தூங்காமல் பார்க்க வேண்டும். விட்டுவிட்டு வந்துவிட்டேன். படிப்பையும் அதற்கு முன்பே விட்டிருந்தேன். இப்போது திருத்துறைப்பூண்டி கடைகளுக்கு சிசிடிவி மாட்டுகிறேன். மீதி நேரத்தில் வானத்திலிருந்து ஊரைப் பார்க்கிறேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரணச் செயற்கைக்கோள் ஒரு கேமரா. மேகம் வந்தால் குருடு. ரேடார் கோள் வேறு வகை. அது தானே ஒரு சமிக்ஞையைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. மேகமும் இருட்டும் அதற்குப் பொருட்டில்லை. கரடுமுரடான தரை சமிக்ஞையைத் திருப்பி அனுப்பும், அது படத்தில் வெளிறித் தெரியும். தேங்கி நிற்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரி அதை வேறு பக்கம் தள்ளிவிடும், அந்த இடம் கறுப்பாகத் தெரியும். ஐரோப்பாக்காரர்கள் வரி கட்டி மேலே அனுப்பிய கோள் அது. படத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வயல்காரன் மடை திறக்க மாட்டேன் என்கிற ஊரில் வளர்ந்தவன் நான். இதை நம்பக் கொஞ்ச நாள் பிடித்தது.

ஆடி முழுக்க அந்தக் கறுப்பு கல்லணையிலிருந்து கிழக்கே விரிவதைப் பார்த்தேன். முதலில் தஞ்சாவூரைச் சுற்றி. அடுத்த படத்தில் திருவிடைமருதூர்ப் பக்கம். அதற்கடுத்த படத்தில் மன்னார்குடி. காகிதத்தில் மை ஊறுவது மாதிரி. ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் யாரோ ஒருவர் மண்வெட்டியால் வரப்பைக் கொத்தி மடை திறந்த இடம். எத்தனை ஆயிரம் பேர். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல், மேலேயிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்று தெரியாமல், எல்லாருமாகச் சேர்ந்து அந்தப் படத்தை வரைந்திருந்தார்கள். நான் எதற்கும் சுலபத்தில் வாயைப் பிளக்கிறவன் இல்லை. அதைப் பார்த்துவிட்டு அன்று வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வந்ததும், அந்தப் படங்களைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருள் நின்றுவிடும். படத்தில் பாதி நிலமும் பாதி கடலுமாக இருந்தால் அதற்குக் கணக்குப் பிசகுகிறது என்று கண்டுபிடித்தேன். அதை எழுதியவர் நார்வேயில் இருக்கிறார். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்கு எழுதிப் போட்டுவிட்டு, அக்காவின் வயலுக்குப் போனேன்.

ஆவணி கடைசி. லின்சி அக்காவும் அவள் வீட்டுக்காரர் ரெஜின் மாமாவும் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் புழுதி விதைப்பு செய்திருந்தார்கள். கடைமடையில் நாற்று விட்டு நடுவதற்கு ஆற்றை நம்ப முடியாது. காய்ந்த வயலை உழுது, காய்ந்த மண்ணிலேயே விதையைத் தெளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு மழை பெய்தது. விதை முளைத்தது. அதோடு மழை நின்றுவிட்டது. ஆற்றுத் தண்ணீரும் வரவில்லை.

அக்கா வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலை ஊசி மாதிரி சுருண்டிருந்தது.

"உசுரு இருக்கு," என்றாள். "எதுவரைக்கும்னு தெரியல. ஒன் மிசினு என்ன சொல்லுது?"

"நம்ம ஊருக்கு வந்ததும் நின்னுடுதுக்கா."

"எல்லாம் நம்ம ஊருக்கு வந்ததும்தான் நிக்கிது. தண்ணி, பஸ்ஸு, இப்ப ஒன் மிசினு."

"மாமா எங்க?"

"மறியலுக்கு ஆளு சேக்கப் போயிருக்காரு. நாளைக்கு மெயின் ரோட்டுல ஒக்காருறாங்க. நீயும் வந்துரு. ஆளு கணக்குக்காவது ஆவும்." பயிரை வரப்பில் போட்டாள். "குவைத்து ஏஜெண்டு ரெண்டு தடவ போன் பண்ணிட்டான்."

ரெஜின் மாமா குவைத்தில் லாரி ஓட்டியவர். மகள் சான்ட்ரா பிறந்ததை வீடியோவில் பார்த்தவர். அவள் முதன்முதலில் நடந்ததையும் அப்படியே பார்த்தார். போன வருடம் திரும்பி வந்தபோது அந்தக் குழந்தை அவரைப் பார்த்துவிட்டு, "இவரு செல்லுக்குள்ள இருப்பாரே" என்று அக்காவிடம் சொன்னது. இனிமேல் போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

"போறேன்னு சொல்றாரா?"

"வாயத் தொறந்து சொல்லல. பாஸ்போர்ட்ட எடுத்துத் தொடச்சு வச்சிருக்காரு. இந்தப் பயிரு பட்டுப்போச்சுன்னா கெளம்பிருவாரு."

"திருப்பி வெதைக்க முடியாதா?"

"எப்ப வெதைக்கிறது? ஐப்பசி மழைக்குள்ள பயிரு நிமிந்திருக்கணும். சின்னதா இருந்தா மேல தண்ணி நின்னு அழுவிரும். இப்ப தண்ணி இல்லாம சாவுது, அப்ப தண்ணியில சாவும்." எழுந்து சேலையைத் தட்டினாள். "நாளைக்கு வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வராத. வெயில்ல ஒக்காரணும்."

மறுநாள் விடிந்ததும் பார்த்தேன். நார்வேயிலிருந்து பதில் வந்திருந்தது. "கடலோரத்தில் இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு என்னுடையது. திருத்திவிட்டேன். இப்போது ஓட்டிப் பார்."

அவ்வளவுதான் எழுதியிருந்தார். கீழே அவர் மாற்றிய வரிகள். நான் அந்த வரிகளை இரண்டு தடவை படித்தேன். அவருக்கு சவரிக்கோட்டகம் எங்கே என்று தெரியாது. நான் யார், கறுப்பா சிவப்பா, எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாது. இதற்குச் சம்பளம் கிடையாது. அவர் ஊரில் அப்போது என்ன நேரமோ, சாப்பிட்டாரோ இல்லையோ, உட்கார்ந்து திருத்தியிருக்கிறார். தொலைக்காட்சியில் அந்த நேரத்தில் இரண்டு மாநிலத்து ஆட்கள் காவிரிக்காக ஒருவரை ஒருவர் பேச விடாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். சத்தத்தை அணைத்தேன். புதிய மென்பொருளை இறக்கி, கடைசியாக வந்திருந்த படத்தைக் கொடுத்து ஓட விட்டேன். என் லேப்டாப் பழையது. முடிய நேரம் பிடிக்கும். முடிந்ததும் படம் செல்லுக்கு வந்துவிடும்படி செய்துவிட்டு மறியலுக்குப் போனேன்.

மெயின் ரோட்டில் ஊர் பாதி உட்கார்ந்திருந்தது. பெண்கள் காலிக் குடத்தோடு முன்வரிசையில். ஆண்கள் கையில் வாடிய பயிர்க் கத்தை. கட்சிக்கொடி வேண்டாம் என்று பேசி முடிவெடுத்திருந்தார்கள். அதனால் எல்லாரும் அவரவர் கட்சிக் கரை போட்ட துண்டோடு வந்திருந்தார்கள். ஒரு பக்கம் டவுன் பஸ், பேராவூரணியிலிருந்து தேங்காய் ஏற்றி வந்த இரண்டு லாரி, அதற்குப் பின்னால் வைரக்கண்ணுவின் ஜேசிபி. வைரக்கண்ணு எங்கள் ஊர்க்காரன்தான். வேதாரண்யம் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போகிற வழியில் மாட்டிக்கொண்டு, வண்டி மேலேயே உட்கார்ந்து ஊரோடு சேர்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தான்.

ரெஜின் மாமா எடுத்துக் கொடுக்க, கூட்டம் திருப்பிச் சொன்னது. அவருக்கு நல்ல குரல். மாதா கோயிலில் பெரிய வியாழன் அன்று பாடுகிற குரல்.

தாசில்தார் அம்மா வந்திருந்தார். விவசாயச் சங்கத் தலைவர் துரைராசு எழுந்து நின்று பேசினார்.

"சட்ரஸ்ல மதகு முழுசாத் தொறந்திருக்குங்க," என்றார் தாசில்தார். "காலையில நானே போயிப் பாத்துட்டுதான் வர்றேன். உங்க வாய்க்கால்ல தண்ணி எறங்குது."

"எறங்குனா வந்திருக்கணும்ல அம்மா? வழி தெரியாம டீக்கடையில ஒக்காந்திருக்கா?"

கூட்டம் சிரித்தது. தாசில்தாரும் சிரிப்பை அடக்கினார். "பொய் சொல்றதுக்கு எனக்கு என்ன இருக்கு? வேணும்னா யாராவது என்னோட ஜீப்புல வாங்க, காட்டுறேன்."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. எங்க வயலு பொய் சொல்லாது, அதான் சொல்றேன்."

தொலைக்காட்சி விவாதத்தில் இரண்டு பேர் இப்படிப் பேசினால் ஒருவர் புளுகுகிறார் என்று தீர்மானித்துக்கொள்ளலாம். இங்கே இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். அது எப்படி முடியும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது செல் அதிர்ந்தது.

படம் வந்திருந்தது. முதல் தடவையாக எங்கள் ஊர் அதில் முழுசாக இருந்தது. கீழ் ஓரத்தில் கடல், அலையாத்திக் காடு வெள்ளையாக. வடக்கே ஊர் ஊராகக் கறுப்புக் கட்டங்கள். தெற்கே வரவர அவை குறைந்து, எங்கள் ஊர் வெறும் சாம்பல் நிறம். நடுவில், எங்கள் வயல்களுக்கு வடமேற்கே, யாரும் பயிர் வைக்காத தரிசில் பெரிதாக ஒரு கறுப்பு. மூன்று பக்கம் ஒழுங்கில்லாமல் பரவியிருந்தது. நான்காவது பக்கம் கத்தியால் வெட்டியது மாதிரி நேர்க்கோடு.

தண்ணீர் தானாக நேர்க்கோட்டில் நிற்காது.

அந்த இடம் பனந்தோப்பு மூலை. எங்கள் வாய்க்கால் அங்கே ஒரு வடிகாலை ஒட்டி வளைந்து வரும். சாலை அந்தப் பக்கம் போகவில்லை. பைக் வந்த பிறகு வாய்க்கால் கரையில் நடப்பவர்கள் இல்லை. ஆனால் எனக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. தை மாதம் ரெஜின் மாமா வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு வீடியோ வைத்திருந்தார். அறுவடை மெஷின் வாய்க்காலைக் கடந்து வயலில் இறங்குகிற வீடியோ. ஊர்ப் பாலம் குறுகல், மெஷின் போகாது. அதனால் பனந்தோப்பு மூலையில் வாய்க்காலுக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி வழி போட்டார்கள். மெஷினை ஏற்பாடு செய்து கொண்டுவந்தவர் மாமா. மண் போட்டதும் அவர்தான். அடியில் இரண்டு சிமென்ட் குழாய் வைத்தார். அறுப்பு முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் சொன்னதால் யாரும் எடுக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மாமா கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு நிமிசம் இங்க வாங்க."

"இரு மாப்ள, கோஷம் போயிட்டிருக்கு."

"வாங்க மாமா."

பஸ்ஸின் மறைவுக்குக் கூட்டிப்போய்ச் செல்லைக் கொடுத்தேன்.

"என்னது இது, எக்ஸ்ரேயா?"

"மேலேருந்து எடுத்தது. நேத்து எடுத்த படம். கறுப்புன்னா தண்ணி. இதோ நம்ம கோயிலு, இது அக்கா வயலு."

அவர் பார்த்தார். "கறுப்பு வந்திருக்கே. இங்க வரைக்கும் வந்திருக்கே." விரல் அந்த நேர்க்கோட்டில் போய் நின்றது. நான் மேலே ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்லைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். வியர்வை சொட்டித் திரையில் விழுந்து படம் நகர்ந்தது. சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்பவும் அந்த இடத்துக்கே கொண்டுவந்தார்.

"குழா வச்சமே," என்றார்.

"அடச்சிருக்கும்."

"வடிகாலு வழியா கடலுக்குல்ல போயிட்டிருக்கும்." பஸ்ஸைத் தாண்டிக் கூட்டத்தை எட்டிப் பார்த்தார். "யாராருக்குத் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்கு." எனக்கு இருந்த வழியையும் சொன்னேன். "இருட்டுனப்பறம் போயி எடுத்துட்டா யாருக்கும் தெரியாது மாமா. நாளைக்குத் தண்ணி வந்தா மறியலால வந்துச்சும்பாங்க. உங்களுக்குத் தோள்ல துண்டு போடுவாங்க."

"மூணு டிப்பர் மண்ணு அது. கையால எடுக்கறதா?" அவர் தலையைத் திருப்பி ஜேசிபியைப் பார்த்தார். "வைரக்கண்ணு வேதாரண்யம் போனா அடுத்த வாரந்தான் வருவான். உப்பளத்துக்காரன் விட மாட்டான்."

ஜேசிபி லாரிகளுக்குப் பின்னால் நின்றது. லாரிகள் பஸ்ஸுக்குப் பின்னால். பஸ்ஸுக்கு முன்னால் ஊர் உட்கார்ந்திருந்தது. பனந்தோப்புக்குப் போகும் மண்பாதை கூட்டத்துக்கு அந்தப் பக்கம் பிரிகிறது. வண்டி போக வேண்டுமென்றால் ஊர் எழுந்திருக்க வேண்டும். ஊர் எழுந்திருக்க வேண்டுமென்றால் யாராவது காரணம் சொல்ல வேண்டும்.

மாமா செல்லை என்னிடம் கொடுத்துவிட்டு நடு ரோட்டுக்குப் போனார்.

"எல்லாரும் எந்திரிங்க."

கோஷம் பாதியில் நின்றது. துரைராசு திரும்பினார். "என்னப்பா ரெஜினு? தாசில்தார் அம்மா இன்னும் ஒரு முடிவும் சொல்லலியே."

"அவங்க சொல்ல வேண்டியது இல்லண்ணே. நான் சொல்லணும்." கோஷம் போட்ட அதே குரலில்தான் சொன்னார். "தண்ணி வந்துருச்சு. பனந்தோப்பு மூலையில நிக்கிது. மிசினு எறக்க மண்ணு போட்டம்ல, அதுல அடச்சு நிக்கிது. போட்டது நானு. எடுக்காம விட்டதும் நானு. வைரக்கண்ணு வண்டி போவணும், எந்திரிங்க."

யாரோ பின்னாலிருந்து, "குழா போட்டிருந்துச்சே" என்றார்கள்.

"போட்டிருந்துச்சு," என்றார் மாமா.

முன்வரிசையில் காலிக் குடத்தோடு இருந்த அம்சவல்லி மெதுவாகக் கேட்டாள். "அப்ப இம்மாம் நேரம் யாரப் பாத்து ஒழிகன்னு கத்துனோம்?"

முதலில் பஸ்ஸுக்குள்ளிருந்துதான் சிரிப்பு வந்தது. பிறகு ரோட்டில். அக்கா சிரிக்கவில்லை. அவள் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தலையைக் குனியவில்லை. நிமிர்த்தவும் இல்லை. கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்க விட்டிருந்தார்.

நான் ஒரு சண்டையை எதிர்பார்த்தேன். ஊரை எனக்குத் தெரியும். துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவன் மண்ணு போட்டான், சரி. அதுமேல ஏறிப் போன மிசினு யாரு வயல அறுத்துச்சு? என் வயலதான் மொதல்ல அறுத்துச்சு."

"எங்களதும்தான்," என்றார் ஒருவர்.

"எங்களது கடைசி," என்றாள் அம்சவல்லி. "நாங்கதான் எடுத்துருக்கணும்."

இன்னொருவர், இன்னொருவர். கை தூக்காத குறை. சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கணினி நின்றுபோனால், அது யார் தப்பு இல்லை என்று நிரூபிக்க நான்கு பேர் கூட்டம் போடுவார்கள். இங்கே உச்சி வெயிலில், தார் ரோட்டில், ஒரு ஊர் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. நான் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

துரைராசு தாசில்தாரிடம் திரும்பினார். "அம்மா, இது எங்க தப்பு. ஆனா பாலம் அகலமா இருந்தா நாங்க எதுக்கு வாய்க்கால்ல மண்ணு கொட்டுறோம்? பாலத்துக்காக ஒக்காந்ததா வச்சுக்கங்க."

"மனு எழுதிக் குடுங்க, அனுப்பி வைக்கிறேன்."

"இந்தாங்க," என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "எப்பவும் பையிலேயே வச்சிருப்பேன்."

ஜேசிபியை முன்னால் கொண்டுவர லாரியும் பஸ்ஸும் ஒதுங்க வேண்டியிருந்தது. ரோட்டை மறித்தவர்களே இறங்கிப் போக்குவரத்தைச் சரிசெய்தார்கள். கண்டக்டர் படியில் நின்று, "ஒக்காந்தும் நிறுத்துனீங்க, எந்திரிச்சும் நிறுத்துறீங்களே" என்றார். வைரக்கண்ணு வண்டியை மாமா பக்கத்தில் நிறுத்தினான்.

"குழா சின்னதுன்னு அப்பவே சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"கேட்டியா?"

"கேக்கல. வண்டிய எடு."

பனந்தோப்பு மூலைக்குப் போய் நின்றோம். செல்லில் கறுப்பாக இருந்தது அங்கே வானத்தின் நிறத்தில் இருந்தது. தரிசு முழுக்கத் தண்ணீர். கொக்கும் நாரையும் நிறைய. தண்ணீருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே அந்த மண் வழி, நேராக, மேலே புல் முளைத்து, மெஷினின் சங்கிலித் தடம் இன்னும் அழியாமல். இந்தப் பக்கம் வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நான் செல்லைத் தூக்கிப் பிடித்துப் படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்த விளிம்பு அப்படியே இருந்தது. எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே ஒரு இயந்திரம் இந்தப் புல்லின் ஓரத்தை வரைந்திருக்கிறது. கடலோரத்தில் தடுக்கி விழுந்த கணக்கை நார்வேயில் ஒருவர் நிமிர்த்தி வைத்திருக்கிறார். இரண்டும் இல்லாவிட்டால் நாங்கள் எல்லாரும் இன்னும் ரோட்டில் உட்கார்ந்து தாசில்தாரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

வைரக்கண்ணு ஜேசிபியின் இரும்புக் கொத்தை இறக்கினான். மண்ணோடு முதல் குழாய் வந்தது. வாய் முழுக்க வைக்கோலும் வெங்காயத் தாமரையும் இறுகி, தக்கை அடித்தது மாதிரி இருந்தது. இரண்டாவது வாரலில் தண்ணீர் விரல் கனத்தில் கசிந்தது. மூன்றாவதில் தொடை கனம். அதற்குப் பிறகு அவன் கொத்தைத் தூக்கி வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டான். மீதி மண்ணைத் தண்ணீரே கரைத்து இழுத்துக்கொண்டு போனது.

சட்ரஸில் பாய்கிற தண்ணீரை எல்லாரும் பார்த்திருப்பார்கள். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவது வேறு. அது ஓடாது, நடக்கும். முன்னால் சருகும் நுரையும் எறும்பும். ஒவ்வொரு வெடிப்புக்கு முன்னும் நின்று, உள்ளே இறங்கி, அதை நிறைத்துவிட்டுத்தான் அடுத்ததுக்கு வரும். வெடிப்புக்குள்ளிருந்து காற்று புஸ்ஸென்று வெளியேறும். குமிழி வரும். எங்கிருந்தோ ஒரு தவளை. மாமா சட்டையைக் கழற்றி ஜேசிபியில் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கி, தண்ணீருக்கு முன்னால் நடந்தார். முள்ளையும் பிளாஸ்டிக்கையும் எடுத்துக் கரையில் வீசிக்கொண்டே போனார். யாரும் கூப்பிடாமல் நாலைந்து பேர் இறங்கினார்கள். நான் கரையில் நடந்தேன். மேட்டூரிலிருந்து இத்தனை தூரம் இதே மாதிரி ஒவ்வொரு வெடிப்பாக வந்திருக்கிறது என்று நினைத்தபோது, செய்தியில் தினமும் படிக்கிற கனஅடிக் கணக்கெல்லாம் யாரோ பேர் தெரியாதவர் கதை மாதிரி இருந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் பேப்பர் வந்தது. "மறியல் எதிரொலி: கடைமடைக்கு வந்தது தண்ணீர்." கூட்டத்தின் படத்தில் மாமா வாயைத் திறந்து கோஷம் போடுகிறார். மண் வழியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எதிரே சுவரில் ஒரு கட்சி அதற்குள் நன்றி போஸ்டர் ஒட்டியிருந்தது.

துரைராசு பேப்பரை எட்டிப் பிடித்துப் படித்தார். "சரியாத்தான் போட்டிருக்கான்," என்றார்.

"எதுங்க சரி?"

"மறியல் பண்ணலன்னா வைரக்கண்ணு வண்டிய யாரு நிறுத்திருப்பா?"

டீயைக் குடித்துவிட்டு வயலுக்குக் கிளம்பினேன்.

வெயில் ஏறும்போது தண்ணீர் அக்கா வயலுக்கு வந்தது. அக்கா மண்வெட்டியால் வரப்பைக் கொத்தி மடை திறந்தாள். தண்ணீர் உள்ளே வந்து முதல் பயிரைத் தொட்டது. சுருண்ட இலை உடனே விரியவில்லை. அதெல்லாம் கதையில்தான். ஆனால் அடி மண் கறுத்தது.

"ஒன் மிசினு நிக்காம ஓடிருச்சா?" என்றாள்.

"ஓடிருச்சுக்கா. நார்வேக்காரரு சரி பண்ணிட்டாரு."

"அவரு எத்தினி ஏக்கரு போட்டிருக்காரு?"

"அங்க நெல்லு கிடையாதுக்கா."

"அப்பறம் ஏன் பண்ணாரு?"

வயலில் தண்ணீர் ஏறுவதை ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "வேலை செய்கிறது" என்று மட்டும் எழுதினேன்.

எதிர் வரப்பில் எலி வளை ஒன்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா மண்டி போட்டு உட்கார்ந்து, முழங்கை வரை சேற்றில் விட்டு அதை அடைத்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் அவர் சட்டையும் செல்லும் கிடந்தன. செல் அடித்தது. திரையில் "குவைத் ஏஜெண்ட்" என்று வந்தது. அக்காவும் பார்த்தாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"மாமா, உங்களுக்குப் போன். குவைத்து."

அவர் திரும்பிப் பார்த்தார். என்னை, செல்லை, பிறகு அக்காவை.

"கையெல்லாம் சேறு மாப்ள," என்றார். "அடிக்கட்டும்."

அது அடித்து ஓய்ந்தது. தண்ணீர் அக்கா நின்ற இடத்தைத் தாண்டி அடுத்த வெடிப்புக்குள் இறங்கியது.